பழகிய நாயும் பழகாத வீடும்

பிள்ளைகள் அயல்நாட்டில் உத்தியோகம் பார்க்க, பெற்றோர் இருவரோ, இருவரில் எஞ்சிய ஒருவரோ சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தனித்து வாழ்வது சர்வசாதாரணமாகிவிட்ட இந்நாளில், சமையலுக்கு ஆள் வைப்பதா, இரவுத் துணைக்கு ஊரிலிருந்து உறவினர் யாரையேனும் வரவழைப்பதா என்று அவ்வீடுகளில் நிகழ்ந்துவந்த ஆலோசனைகளோடு, பயிற்சி முடித்த துணைநாய் ஒன்றை விலைக்கு வாங்கிவிடலாமா என்ற ஆலோசனையும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறது. இதை வசதி படைத்தவர்களின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. பொழுது சாய்ந்தபின் பேச ஆளில்லாத வீட்டில், வாசற்கதவின் தாழ் ஓசை கேட்டதுமே எழுந்து ஓடிவரும் ஜீவன் ஒன்று இருப்பது எத்தகைய ஆறுதல் என்பதை நேரில் கண்டவர்கள் அவ்வாறு ஒதுக்கமாட்டார்கள். வாங்கலாம் என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் நாயோடு அதன் பயிற்சியையும் சேர்த்து வாங்கிவிட்டோம் என்று எண்ணிப் பணத்தைக் கொடுப்பவர்கள், சில மாதங்களுக்குள் தாமும் மனம் நொந்து அந்தப் பிராணியையும் நோகச் செய்துவிடுகிறார்கள். ஏனெனில் பயிற்சி என்பது ஒரு நாய்க்கும் ஒரு மனிதருக்கும் இடையே நாள்தோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய உடன்பாடே தவிர, கழுத்துப்பட்டையோடு சேர்ந்து ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிவிடும் உடைமை அல்ல.

குட்டியாக வாங்கி நாமே வளர்ப்பதன்றோ உத்தமம் என்று கேட்கலாம். ஓடியாடி வேலை செய்யும் வயதினர் உள்ள வீட்டுக்கு அது பொருந்தும். எழுபதைக் கடந்த ஒருவருக்கோ, இரவில் பலமுறை எழுந்து வெளியே அழைத்துச் செல்ல வேண்டியதும், பல் முளைக்கும் பருவத்தில் வாயில் அகப்பட்டதையெல்லாம் கடித்துத் தீர்ப்பதும், வழவழப்பான தரையில் கண்ட இடத்தை நனைத்து வைப்பதுமான குட்டி, துணையாக வருவதற்கு முன் அபாயமாகவே வந்து சேர்கிறது. அது வளர்ந்து பலம் பெற்று, கயிற்றை இழுக்கத் தொடங்கியபின் அபாயம் இன்னும் அதிகம். அமெரிக்காவில், 65 வயதும் அதற்கு மேலுமானோர் நாயைக் கயிற்றில் பிடித்து நடத்திச் செல்லும்போது விழுந்து எலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வந்த நிகழ்ச்சிகள் 2004ஆம் ஆண்டுக்கும் 2017ஆம் ஆண்டுக்கும் இடையில் இருமடங்குக்கு மேல் பெருகின என்று அந்நாட்டு அறுவை மருத்துவ ஏடு ஒன்றில் கணக்கு வெளியாயிற்று. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் அதன் விளைவு என்ன என்பதை நம் குடும்பங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஆகவே, கயிறு தளர்ந்து தொங்கும்படி மனிதரின் நடைக்கு ஏற்பத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வரும் நாய் முதியவர்களுக்கு அத்தியாவசியமே.

வளர்ந்த நாயை வாங்குவதில் மற்றோர் அனுகூலமும் உண்டு. எட்டு வாரக் குட்டியின் முகத்தைப் பார்த்து, அது பின்னாளில் சாதுவாக இருக்குமா, இடிச்சத்தத்துக்கு நடுங்குமா, அந்நியரைக் கண்டு சீறுமா என்று நிச்சயிக்க எவராலும் இயலாது. லாப்ரடார், அல்சேஷியன் முதலிய பெரிய ஜாதிகளைப் பரம்பரையாகப் பீடிக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறும் குட்டிப் பருவத்தில் திட்டமாகத் தெரிவதில்லை. ஒன்றரை, இரண்டு வயது நிரம்பிய நாயிடத்திலோ, சுபாவம் பிரத்தியட்சமாகத் தெரியும். மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். மேல்நாடுகளில் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை உருவாக்கும் ஸ்தாபனங்கள், தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த தாய் தந்தையருக்குப் பிறந்த குட்டிகளைத் தொண்டர் வீடுகளில் ஓராண்டுக்கு மேல் வளர்த்து, பின்னர் மாதக்கணக்கில் பழக்கியும்கூட, அவற்றில் கணிசமானவற்றை இவ்வேலைக்கு உதவா என்று விலக்கிவிடுகின்றன. ஆகையால் தம்மிடம் வரும் நாய் ஒவ்வொன்றும் தேர்ச்சி பெற்றே வெளியேறுகிறது என்று சொல்லும் விற்பனையாளரை நம்புவதற்குமுன் நாம் நிதானிக்க வேண்டும். எத்தனை நாய்களைத் தகுதியற்றவை என்று நீங்கள் விலக்கினீர்கள் என்பதே அவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

அந்த ஸ்தாபனங்களின் சரித்திரத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. முதல் உலகப் போரில் கண்ணிழந்த ஜெர்மானியச் சிப்பாய்களுக்காக 1916இல் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி ஒன்று தோன்றியது. பின்னர் போட்ஸ்டாமில் நடந்த அத்தகைய பள்ளியொன்றை, சுவிட்சர்லாந்தில் குடியேறி அல்சேஷியன் நாய்களைப் போலீசுக்கும் ராணுவத்துக்குமாக வளர்த்துவந்த டாரதி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்க மாது பார்வையிட்டு, தாம் கண்டதை 1927ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு புகழ்பெற்ற அமெரிக்க வார இதழில் எழுதினார். டென்னசி மாகாணத்து நாஷ்வில் நகரில், பதினாறு வயதில் பார்வையை முற்றும் இழந்திருந்த மாரிஸ் ஃபிராங்க் என்ற இளைஞருக்கு அவருடைய தந்தை அக்கட்டுரையை வாசித்துக் காட்ட, அவர் அந்த அம்மையாருக்குக் கடிதம் எழுதி, எனக்கொரு நாய் கிடைக்குமானால் என் தேசத்தில் மற்றவர்களுக்கும் கிடைக்க நான் வழிசெய்வேன் என்று வாக்களித்து, 1928இல் கப்பலேறினார்.

இந்த இடத்தைத்தான் துணைநாய் வாங்க நினைப்பவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நாய் ஏற்கெனவே பயிற்சி முடித்துத் தயாராக இருந்தது. ஆயினும் அதை ஒரு கூண்டில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிடும் எண்ணம் யூஸ்டிஸ் அம்மையாருக்குத் தோன்றவில்லை. அந்த இளைஞர்தாம் கடல் கடந்து வந்து, மலைமேல் இருந்த அவருடைய பண்ணையில் வாரக்கணக்கில் தங்கி, ஜாக் ஹம்ஃப்ரி என்னும் பயிற்சியாளரின் கீழ், நாயின் தோளில் பூட்டிய வாரின் கைப்பிடி அசைவிலிருந்து அதன் கருத்தை அறிவது எப்படி, எப்போது அதைப் பாராட்டுவது, எப்போது அதன் முடிவுக்குத் தாம் கட்டுப்படுவது என்பனவற்றைக் கற்றுக்கொண்டார். கிஸ் என்றிருந்த அந்த நாயின் பெயரை பட்டி என்று மாற்றி அழைத்துக்கொண்டு நியூயார்க் திரும்பிய அவர், பத்திரிகையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்நகரின் நெருக்கடி மிகுந்த வீதியொன்றை அதன் துணையால் கடந்தார். 1929 ஜனவரியில் நாஷ்விலில் அவரும் யூஸ்டிஸ் அம்மையாரும் நிறுவி, பின்பு நியூ ஜெர்சிக்கு மாறிய சீயிங் ஐ என்னும் பள்ளியில் இன்றளவும் மாணவர் பயிற்சியாளரிடம் கற்காமல் நாய் கொடுக்கப்படுவதில்லை. முதல் நாய்க்கு 150 டாலர் என்று பெயரளவில் ஒரு கட்டணம் அங்கே வாங்குகிறார்கள். ஆகும் செலவில் அது மிகச் சிறு பின்னமே. தானமாகப் பெற்றோம் என்ற எண்ணம் வராமல், சுயமரியாதையோடு தம் பொருளாக ஏற்கவேண்டும் என்பதற்காக வைத்த கட்டணம் அது. மனிதரைப் பழக்குவதே பெரும்பகுதி என்பதை அவர்கள் முதல் நாளிலேயே அறிந்திருந்தார்கள்.

நம் ஊரில் நடப்பது என்ன? திருவான்மியூரில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருக்கு, வெளிநாட்டிலிருக்கும் மகன் ஏற்பாடு செய்து, பயிற்சி முடித்த இரண்டு வயதுப் பெண் லாப்ரடார் ஒன்று வந்து சேர்ந்தது. கொண்டுவந்த பயிற்சியாளர், வண்டிகள் நிறுத்தும் தளத்தில் அதை நிறுத்திக் காட்டினார். உட்கார் என்றால் உட்கார்ந்தது. நில் என்று சொல்லிவிட்டு அவர் முப்பதடி நடந்து போய்த் திரும்பி அழைக்கும்வரை அசையாமல் நின்றது. அருகே ஒரு தட்டில் பிஸ்கட் வைத்தும் முகர்ந்து பார்க்கவில்லை. குடியிருப்பு முழுவதும் வியந்தது. மறுநாள் மாலை அந்த அம்மையார் அதே நாயோடு தெருவில் இறங்கியபோது, இளநீர் வண்டியருகே கிடந்த மட்டைகளை நோக்கி அது இழுத்த இழுப்பில், கம்பத்தைப் பற்றிக்கொண்டு அவர் நிலைபெற வேண்டியதாயிற்று. நாய் ஏமாற்றவில்லை, பயிற்சியாளரும் ஏமாற்றவில்லை. அது அவரிடம், அவருடைய இடத்தில், அவருடைய குரலுக்குப் பழகியிருந்தது. நாய்க்கு நம் சொல்லைவிட நம் தோளின் சாய்வும், கையின் உயரமும், தின்பண்டம் இருக்கும் சட்டைப்பையும் தெளிவாகத் தெரியும். அவை மாறியவுடன், அதைப் பொறுத்தவரை பாடமே மாறிவிடுகிறது.

அந்தப் பயிற்சியாளர் நல்லவர். செய்தி கேட்டு மறுபடியும் வந்தார். இம்முறை நாயைத் தாம் தொடவே இல்லை. அம்மையார் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டு, அதைப் பிரித்து, வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மீதிக் கயிறு உள்ளங்கையில் மடிந்து நிற்கும்படி பிடிக்கச் செய்தார். "உட்காரு, உட்காரு, உட்காரும்மா" என்று அவர் நான்கைந்து முறை கெஞ்சுவதைக் கேட்டுவிட்டு, "அம்மா, ஒரு தடவை சொல்லுங்க. சொன்னப்புறம் பேசாம நில்லுங்க. அது யோசிக்கட்டும்" என்றார். "காதுல விழலையோன்னுதான் தம்பி திரும்பத் திரும்பச் சொல்றேன்" என்றார் அம்மையார். பின்பு அம்மையார் ஒருமுறை சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார். நாய் அவருடைய முகத்தைப் பார்த்தது, பயிற்சியாளரைப் பார்த்தது, அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கவே, மெல்ல உட்கார்ந்தது. உட்கார்ந்த அந்தக் கணத்திலேயே தின்பண்டத்தைக் கொடுக்கச் செய்தார் பயிற்சியாளர். கை பைக்குள் தேடிக்கொண்டிருக்கும் வினாடிகளில் நாய் எழுந்துவிட்டால், எழுந்ததற்கே பரிசு கிடைத்ததாக அது கொள்ளும் என்று விளக்கினார். சில வாரங்கள் இவ்வாறு வந்து போனார். அந்த வாரங்களுக்குக் கொடுத்த சம்பளம்தான், நாய்க்குக் கொடுத்த பெருந்தொகையைக் காட்டிலும் நற்பயன் தந்த செலவு என்று நான் கருதுகிறேன்.

பயிற்சியின் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மனத்தை மிகவும் உறுத்துவது இதுதான். நட்பின் தன்மையைப் பேசுமிடத்து நாலடியார் யானையினும் நாயை உயர்த்தி வைக்கிறது. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடக்கூடும், நாயோ எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வாலைக் குழைக்கும் என்பது அதன் கருத்து. நாயின் பெருமையாக நாம் ஓதிவரும் இந்தச் சுபாவமே அதன் துர்ப்பாக்கியமுமாகிறது; ஏனெனில், பயிற்சியாளரைக் கண்டு வாலாட்டுகிறது என்பதைக்கொண்டு அவர் அதை அன்பாகத்தான் பழக்கினார் என்று தீர்மானிக்க வழியில்லை. முள்பதித்த கழுத்துப்பட்டையாலும், மின்னதிர்ச்சி தரும் பட்டையாலும், பட்டினியாலும் பழக்கப்பட்ட நாயும் வாலாட்டும், கட்டளைக்குப் படியும். ஆனால் அது படிவது அச்சத்தால். அச்சத்தை உண்டாக்கியவர் அகன்று, தள்ளாத கையொன்று கயிற்றைப் பிடிக்கும்போது, அடங்கியிருந்த அச்சம் எந்த வடிவத்தில் வெளிப்படும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வாங்குபவர், வால் ஒருபுறமிருக்க, மற்றவற்றைப் பார்க்க வேண்டும். கையை விரைந்து மேலே தூக்கினால் நாய் பின்வாங்கிக் குறுகுகிறதா? கட்டளை கேட்டபோதெல்லாம் காதுகளைப் பின்னுக்கு மடித்து உதட்டை நக்குகிறதா? உணவுண்ணும் வேளையில் அருகே நடந்து போனால் உடல் விறைக்கிறதா? பழக்கும் கூடத்தை முன்னறிவிப்பின்றி ஒருநாள் பார்க்க அனுமதிப்பார்களா?

இத்தகைய கொடுமையைத் தடுக்கச் சட்டமும் உண்டு. மிருகவதைத் தடுப்புச் சட்டம் இந்நாட்டில் 1960இல் நிறைவேறியது. அதற்கு வித்திட்டவர், ராஜ்ய சபையில் அதற்கெனத் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்த, கலாக்ஷேத்திரத்தின் ருக்மிணி தேவி அருண்டேல். அவரையே தலைவராகக் கொண்டு பிராணிகள் நல வாரியம் 1962இல் அமைந்ததும், அது நெடுங்காலம் சென்னையிலிருந்தே இயங்கியதும் நாம் பெருமையோடு நினைக்கத்தக்கவை. அச்சட்டம், அடிப்பதை மட்டுமின்றி, நியாயமற்ற நேரத்துக்குக் குறுகிய சங்கிலியில் கட்டி வைப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் விதிகள், நாய் இனவிருத்தி செய்வோர் மாநில வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது என்றும் கட்டளையிடுகின்றன. இவற்றை அறிந்து, பதிவுச் சான்றையும் தடுப்பூசிப் புத்தகத்தையும் கேட்டு வாங்குபவர் எத்தனை பேர்?

குட்டி பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரை அது எங்கே வளர்ந்தது என்பதையும் விசாரிக்க வேண்டும். மனிதர், குழந்தைகள், வாகன இரைச்சல், பிற பிராணிகள் ஆகியவை அச்சத்துக்குரியவை அல்ல என்று நாய் கற்றுக்கொள்ளும் பருவம் அதுவே. அந்த வாரங்களைக் கம்பிக்கூண்டில் கழித்த நாய்க்குப் பின்னால் எத்தனை கட்டளைகளைக் கற்பித்தாலும், தீபாவளி வெடிச்சத்தத்துக்கும் குக்கரின் விசிலுக்கும் அது மேசையடியில் ஒடுங்குவதை முற்றிலும் மாற்றுவது கடினம்.

ஜாதி விஷயத்தில் நெடுநேரம் செலவிட வேண்டியதில்லை. நம் நாட்டு வெயிலையும், வீட்டின் அளவையும், பிடிப்பவரின் பலத்தையும் எண்ணிப் பார்த்தால் பாதி முடிவாகிவிடும். பனிப்பிரதேசத்து ஹஸ்கியைச் சென்னையின் கத்திரி வெயிலில் வைத்திருப்பது அதற்குச் செய்யும் கொடுமை. 2003இல் ஒரு தொலைபேசி விளம்பரத்தில் வந்த பக் நாயைக் கண்டு தேசமே மயங்கியது. அந்தச் சப்பை மூக்கு நாய்கள் வெப்பத்தில் மூச்சுக்குத் திணறுவதை மயங்கியவர்கள் பிறகுதான் கண்டார்கள். நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களின் அழகில் எனக்குள்ள பற்றுக் குறைந்ததன்று. ஆயினும் அவை ஓடவும் வேட்டையாடவும் காவல் காக்கவும் தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றை அடுக்ககத்தின் நான்காம் மாடியில் அடைப்பது நியாயமில்லை. காவலுக்கும் ஆயிற்று, துணைக்கும் ஆயிற்று என்று இரண்டையும் ஒரே நாயில் வாங்க நினைப்பதும் விபரீதத்தில் முடியும். கடிக்கக் கற்றுத்தந்த நாயைத் தனித்து வாழும் முதியவர் கையில் கொடுக்கலாகாது. பால்காரரும், மருந்து கொண்டுவரும் பையனும், பேரக்குழந்தைகளும் வந்துபோகும் வாசல் அது.

யார் தீர்மானிப்பது என்பதும் யோசிக்கத்தக்கது. பணம் கொடுப்பவர் அயல்நாட்டில் இருக்கிறார். நாயோடு வாழப்போகிறவர் இங்கே இருக்கிறார். காணொளியில் பார்த்துப் பிடித்துப்போய் மகன் பணம் கட்டிவிட, தாய் மறுக்க முடியாமல் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டில், அந்தத் தாயின் விருப்பம் எங்கே இடம் பெறுகிறது? காலையும் மாலையும் வெளியே அழைத்துச் செல்பவர் யார், மழைக்காலத்தில் உண்ணியும் காய்ச்சலும் வந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்பவர் யார், வீட்டு உதவிக்கு வரும் பெண் நாய்க்கு அஞ்சுகிறாரா என்பனவற்றை அந்தத் தாயே ஆலோசித்துச் சரி சொல்ல வேண்டும். லாப்ரடார் பத்து, பன்னிரண்டு ஆண்டு வாழும். எழுபத்திரண்டு வயதில் இரண்டு வயது நாயை ஏற்பவர் எண்பதைக் கடந்த பின்னும் அது இருக்கக்கூடும். இடையில் அவர் மருத்துவமனையில் படுத்தாலோ, காலமானாலோ, அதை ஏற்றுக்கொள்ளப்போகிறவர் இன்னார் என்று இப்போதே பேசி முடிவு செய்து, முடிந்தால் எழுதியும் வைப்பது அபசகுனமாகாது. எஜமானர் மறைந்தபின் காப்பகத்தின் வாயிலில் கட்டிவிடப்பட்ட வயதான நாயைப் பார்த்தவர்கள் இதை அதிகப்பிரசங்கித்தனம் என்று சொல்லமாட்டார்கள்.

இவ்வளவு யோசித்தபின், பெருந்தொகை கொடுத்து வாங்குவது அவசியந்தானா என்று சிலருக்குத் தோன்றும். அவர்களுக்கு நான் சொல்லும் மாற்று வழி இது: சென்னையின் ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்களில், சுபாவம் தெரிந்த, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த, மூன்று நான்கு வயது நாட்டு நாய்கள் ஒரு வீட்டுக்காகக் காத்திருக்கின்றன. அவற்றில் சாதுவான ஒன்றைச் சிலமுறை சென்று பார்த்துப் பழகி அழைத்துவந்து, நாய்க்காக ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை நல்ல பயிற்சியாளருக்குச் சில மாதச் சம்பளமாகக் கொடுத்து, வீட்டிலேயே, அந்தத் தெருவிலேயே, பிடிக்கப்போகிற கையிலேயே கயிற்றைக் கொடுத்துக் கற்பிக்கச் சொல்லலாம். நம் வெயில் நாட்டு நாய்க்குப் புதிதன்று. பரம்பரை மூட்டு நோயின் உபத்திரவமும் குறைவு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பொருள் எடுத்துத் தருவது போன்ற தனித்த சேவை வேண்டுமானால் அதற்கென வளர்த்த நாயே தேவை. பேச்சுக்கும் நடைக்கும் துணை வேண்டுபவருக்கு இது போதும்.

விலைக்கே வாங்குவோருக்கும் பாதுகாப்பு ஏதேனும் இருக்க வேண்டாமா? அமெரிக்கக் கெனல் கிளப் 1989 முதல் நற்குடி நாய் என்று ஒரு பரீட்சை நடத்திவருகிறது. அந்நியர் ஒருவர் வந்து வணங்கிப் பேசும்போது அமைதியாக இருத்தல், உடலைத் தடவிப் பார்க்க இடங்கொடுத்தல், தளர்ந்த கயிற்றில் நடத்தல், கூட்டத்தினூடே செல்லுதல், இன்னொரு நாயைக் கண்டு பதறாதிருத்தல், எஜமானர் சற்று நேரம் கண்ணுக்கு மறைந்தாலும் நிதானம் இழக்காதிருத்தல் முதலான பத்துச் சோதனைகள் அதில் உண்டு. பரீட்சையின்போது தின்பண்டம் காட்டக் கூடாது. நம் இந்தியக் கெனல் கிளப்பின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. இவ்விரு ஸ்தாபனங்களும் சேர்ந்து, நம் தெருக்களுக்கும் வீடுகளுக்கும் ஏற்ற இத்தகைய பொதுப் பரீட்சையை ஏற்படுத்தி, அதில் தேறிய நாயைத்தான் பயிற்சி பெற்றதென்று விற்கலாம் என்று அரசு விதித்தால், நேர்மையான பயிற்சியாளர்களே அதை முதலில் வரவேற்பார்கள். கயிற்றைப் பிடிப்பவர் விற்பவராக இல்லாமல் வாங்குபவராக இருக்க வேண்டும் என்பதே அப்பரீட்சையின் தலையான நிபந்தனையாக இருக்கட்டும். அது வரும்வரை, வாங்க நினைப்பவர்கள் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாமல், நாயைச் சில வாரங்கள் தம் வீட்டில் வைத்துப் பார்த்து, பயிற்சியாளர் வாரந்தோறும் வந்து தமக்குக் கற்பித்து, தாமே கயிற்றைப் பிடித்துக் காய்கறிக் கடைவரை போய்த் திரும்பிய பின்னரே மீதியைக் கொடுப்பது என்று முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளலாம்.